வீட்டைத் தாங்கும் கால்கள்

தாங்குதூண் அமைத்தலும் மட்டம் பார்த்தலும் பற்றிய ஒரு பாடம்

நம் தோட்ட மக்களுள் பலர், உறவினரைக் காணவும் பண்டிகைக் காலங்களில் துணிமணி வாங்கவும் சிங்கப்பூருக்குச் சென்று வருவதுண்டு. அங்ஙனம் செல்வோர் தேக்காச் சந்தையையும் சிராங்கூன் சாலையையும் காணாமல் திரும்புவதில்லை. பூமாலைக் கடைகளையும் கோயில் கோபுரங்களையும் அண்ணாந்து பார்க்கும் நாம், அக்கட்டடங்களின் அடியில் இருப்பது யாது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டின் அழகு கண்ணுக்குத் தெரியும். வீட்டின் உறுதியோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மர வீடுகளும், பணியிடங்களில் கொணர்ந்து வைக்கப்படும் பெயர்த்தெடுக்கும் வீடுகளும், பழைய லயங்களும் தாங்குதூண்களின் மீதே நிற்கின்றன. அத்தூண்கள் எவ்வாறு பாரத்தைச் சுமக்கின்றன, ஏன் அமிழ்கின்றன, அமிழ்ந்தவற்றை எவ்வாறு மட்டப்படுத்துவது என்பவற்றை முறையாகக் காண்போம்.

1. ஓவன் சாலை கற்பித்த பாடம்

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடுமிடத்தில் லியன் யாக் கட்டடம் என்னும் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அது 1971ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் வங்கி ஒன்றும், அதற்கு மேல் இரவுக் கேளிக்கை விடுதி ஒன்றும், அதனினும் மேலே நியூ வோர்ல்டு ஹோட்டலும் இயங்கின. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சனிக்கிழமை முற்பகலில், அக்கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் முழுவதும் இடிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். இடிபாடுகளுக்குள் சிக்கிய 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அப்போது நகரில் நிலத்தடி இரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்த சுரங்கப் பொறியாளர்கள் தாமாகவே முன்வந்து, இடிபாடுகளினூடே சிறு சுரங்கங்கள் குடைந்து மீட்புப் பணிக்கு உதவினர்.

வெடிகுண்டோ, எரிவாயுவோ, இரயில் பாதைச் சுரங்கமோ காரணமாக இருக்கலாம் எனப் பலரும் முதலில் ஐயுற்றனர். விசாரணைக் குழு ஆராய்ந்து கண்ட உண்மை வேறு. கட்டடத்தின் தூண்களுக்குக் கணக்கிட்டபோது, மனிதர்களும் பொருள்களும் தரும் பாரத்தை மட்டுமே எண்ணினர். சுவர், தளம், தூண் ஆகிய கட்டடத்தின் சொந்த எடையை எண்ண மறந்தனர். ஆகவே அக்கட்டடம் எழுந்த நாள் முதலே, தாங்க இயலாத பாரத்தைச் சுமந்து நின்றது. பின்னர் வங்கிக்கென அமைத்த பாதுகாப்பு அறையும், வெளிச்சுவரில் பதித்த ஓடுகளும், குளிர்சாதனக் கருவிகளும் மேலும் பாரம் சேர்த்தன. தூண்கள் சில முன்னரே பழுதுற்றிருந்தன. இறுதியில் ஒரு தூண் தளர, அதன் பாரம் அடுத்த தூணுக்கு மாறியது, அதுவும் தளர்ந்தது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக யாவும் வீழ்ந்தன.

இவ்விபத்துக்குப் பின், 1989ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வகுக்கப்பட்டது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத வேறொரு பொறியாளர் சரிபார்த்தல் வேண்டும் என்பது அதனால் வந்த முறையாகும். குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஏனைய கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பொறியாளர் ஆய்வு செய்யும் வழக்கமும் ஏற்பட்டது.

ஆறு மாடிக் கட்டடத்திற்கும் நம் அறுகால் வீட்டிற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். அளவுதான் வேறு; விதி ஒன்றே. தன் எடையை மறந்த வீடு நிலைக்காது. ஒரு காலின் குறையை மற்றக் கால்கள் நெடுநாள் சுமக்கமாட்டா.

2. பாரம் எந்தக் காலில் மிகுதி?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மர வீட்டின் சொந்த எடை 4,000 கிலோகிராம் எனக் கொள்வோம். அதில் வாழும் மக்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் சேர்ந்து 2,000 கிலோகிராம். மொத்தம் 6,000 கிலோகிராம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகளில் 12 தூண்கள் அவ்வீட்டைத் தாங்குகின்றன. 6,000ஐ 12ஆல் வகுத்து, ஒவ்வொரு தூணும் 500 கிலோகிராம் சுமக்கிறது என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது.

பன்னிரண்டு தூண்களுக்கு இடையே ஆறு கட்டங்கள் உள்ளன. பாரம் எங்கும் ஒரே சீராகப் பரவியுள்ளது எனக் கொண்டால், கட்டத்திற்கு 1,000 கிலோகிராம். ஒவ்வொரு கட்டமும் தன் பாரத்தைத் தன் நான்கு மூலைத் தூண்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. வீட்டின் மூலையில் உள்ள தூண் ஒரே கட்டத்தின் கால் பங்கை மட்டும் சுமக்கிறது. அது 250 கிலோகிராம். ஓரத்தில் உள்ள தூண் இரு கட்டங்களின் பங்கைச் சுமக்கிறது. அது 500 கிலோகிராம். நடுவில் உள்ள இரு தூண்களோ நான்கு கட்டங்களின் பங்கைச் சுமக்கின்றன. அது 1,000 கிலோகிராம். சுவர்கள் வீட்டின் ஓரங்களில் நிற்பதால், நடைமுறையில் ஓரத் தூண்களின் பாரம் இக்கணக்கினும் சற்று மிகும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வெளிச்சத்தில் நின்று யாவர் கண்ணிலும் படும் மூலைத் தூண் குறைவாகவே சுமக்கிறது. இருளில் நிற்கும் நடுத்தூணே மிகுதியாகச் சுமக்கிறது. நாம் பழுது பார்க்கையில் மூலைத் தூணுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டு, நடுத்தூணைக் குனிந்தும் பாராமல் விடுகிறோம். இவ்வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் புதிதாகப் பாரம் ஏற்றும்போதும் கணக்கிட்டே ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளது. 400 லிட்டர் நீர்த்தொட்டியைச் சமையலறை மூலையில் ஏற்றினால், ஆறேழு பெரியவர்கள் இரவும் பகலும் அவ்விடத்தில் நகராமல் நிற்பதற்கு ஒப்பாகும். நம் கணக்கில் 250 கிலோகிராம் சுமந்த மூலைத் தூண், அன்று முதல் அதனினும் இரு மடங்குக்கு மேல் சுமக்க நேரிடும்.

3. பாதம் அகன்றால் பாரம் குறையும்

பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து மழைக்காலச் சேற்றில் நடப்பவர் இவ்வுண்மையை அறிவர். வெறும் தரையில் கால் புதையும். ஒரு பலகையைப் போட்டு அதன் மீது நின்றால் புதையாது. நம் எடை குறையவில்லை; அவ்வெடை பரவும் இடம் அகன்றது.

நடுத்தூணின் பாரம் 1,000 கிலோகிராம் என்று கண்டோம். அத்தூணின் அடி 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையதாயின், அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 10 கிலோகிராம் தாங்க வேண்டும். மென்மையான களிமண் இதனைத் தாங்காது. அதே தூணை 40 சென்டிமீட்டர் சதுரமுள்ள கான்கிரீட்டுப் பாதத்தின் மீது நிறுத்தினால், பரப்பு 1,600 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அழுத்தம் பதினாறில் ஒரு பங்காக, ஏறக்குறைய 0.6 கிலோகிராமாகக் குறைந்துவிடுகிறது.

சிங்கப்பூரின் நிலம் இதற்கு நல்ல சான்று. தீவின் நடுப்பகுதியாகிய புக்கிட் தீமாவில் கருங்கல் பாறை உண்டு. ஆறுகளையும் கடற்கரையையும் ஒட்டிய தாழ்நிலங்களில் வெண்ணெய் போன்று மென்மையான கடற்களிமண் படிந்துள்ளது. பழைய கடைவீடுகள் பல, பாக்காவ் எனப்படும் கண்டல் மரக் கழிகளைத் தரைக்குள் அடித்திறக்கி, அவற்றின் மேல் கட்டப்பட்டன. இக்கழிகள் நிலத்தடி நீருக்குள் முழுவதும் மூழ்கியிருக்கும் வரை நெடுங்காலம் நிலைக்கும். நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும். எனவே மரத்தைக் கெடுப்பது நீர் மட்டுமன்று. நனைவதும் காய்வதும் மாறிமாறி நிகழ்வதே மரத்தின் பெரும்பகையாகும்.

இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது சிங்கப்பூர்ப் புனித ஆண்ட்ரூ தேவாலயம். 1856ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட அத்தேவாலயத்தில், பருத்த கோபுரத்தின் பாரத்தை அடித்தளம் தாங்காது எனக் கருதி, எடை குறைந்த கூர்ங்கோபுரத்தையே அமைத்தனர். தரை தாங்கும் அளவறிந்து மேலே கட்டுதல் அறிவுடைமையாகும்.

4. உயர்த்திக் கட்டியதன் நோக்கம்

அடாம் பார்க், அலெக்சாண்டிரா பார்க் ஆகிய இடங்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த கறுப்பு வெள்ளை மாளிகைகளைச் சிங்கப்பூரில் இன்றும் காணலாம். அவற்றுள் பல செங்கல் தூண்களின் மீது உயர்த்தப்பட்டுள்ளன. மலாய்க்காரர்களின் மரபு வீடும் அவ்வாறே உயர்ந்து நிற்கிறது. அவ்வீட்டில் தூணை மண்ணில் புதைக்காமல், ஒரு கல்லின் மீது நிறுத்தும் வழக்கம் உண்டு. நம் முன்னோர் வாழ்ந்த பழைய லயங்களும் பல இடங்களில் கால்களின் மீது நின்றவையே.

இதன் பயன்கள் மூன்று. முதலாவது, தரைக்கும் தளத்திற்கும் இடையே காற்று உலவி ஈரம் உலர்கிறது. இரண்டாவது, மழைவெள்ளம் வீட்டிற்குள் புகாமல் அடியில் ஓடிவிடுகிறது. மூன்றாவது, கரையான் ஏறினால் அதன் மண்பாதை கண்ணுக்குப் புலப்படுகிறது. வீட்டின் அடியை விறகாலும் பழைய தகரத்தாலும் அடைத்து வைத்தால், இம்மூன்று பயன்களையும் நாமே இழந்துவிடுகிறோம்.

5. நோயின் அறிகுறிகள்

தூண் அமிழ்வதை வீடே நமக்கு அறிவிக்கிறது. முன்பு எளிதாக மூடிய கதவு நிலையில் உரசும். சன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். தளத்தில் வைத்த கோலிக்குண்டு ஒரே பக்கமாக உருளும். கழுவிய நீர் வாயிலை நோக்கி ஓடாமல் ஒரு மூலையில் தேங்கும். தூணின் தலைக்கும் உத்திரத்திற்கும் இடையே வெளிச்சம் தெரியும்.

இறுதியாகக் கூறிய அறிகுறியைக் கவனமாக நோக்க வேண்டும். உத்திரத்தைத் தொடாத தூண் எதையும் சுமக்கவில்லை. அதன் பாரத்தை அதன் அண்டைத் தூண்கள் சுமக்கின்றன என்பது பொருள். ஓவன் சாலையில் நிகழ்ந்த கேடு இவ்வாறே தொடங்கியது.

6. மட்டம் பார்க்கும் முறை

ரசமட்டம் ஒரு பலகையின் சாய்வைக் காட்டும். வீடு முழுவதையும் அளக்க மட்டக் குழாயே ஏற்றது. விரல் தடிமனுள்ள, ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீரை நிரப்புக. உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் இருத்தலாகாது. இரு முனைகளையும் அருகருகே பிடித்தால் நீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்காவிடில் குமிழி உள்ளது என அறிக.

ஒரு முனையை முதல் தூணில் பிடித்து, நீர் நிற்கும் இடத்தில் கோடிடுக. மறுமுனையை ஒவ்வொரு தூணுக்கும் கொண்டு சென்று, முதல் தூணில் நீர் அக்கோட்டில் நிற்கும்படி செய்து, அங்கும் கோடிடுக. இப்போது எல்லாத் தூண்களிலும் ஒரே மட்டத்தில் கோடு விழுந்திருக்கும். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் உத்திரத்தின் அடிப்பாகம் வரை அளந்து குறித்துக்கொள்க.

முதல் தூணில் 30 சென்டிமீட்டர், ஐந்தாம் தூணில் 28.5 சென்டிமீட்டர், எட்டாம் தூணில் 26.5 சென்டிமீட்டர் எனக் கிடைத்தால், முதல் தூணை நோக்க ஐந்தாம் தூண் 1.5 சென்டிமீட்டரும் எட்டாம் தூண் 3.5 சென்டிமீட்டரும் அமிழ்ந்துள்ளன. இவ்வட்டவணையை நாள் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். ஆறு திங்கள் கழித்து மீண்டும் அளந்தால், வீடு நிலைத்து நிற்கிறதா, இன்னும் அமிழ்கிறதா என்பது தெளிவாகும்.

7. தாங்குதூணை அமைக்கும் முறை

முதலில் காரணத்தைக் களைய வேண்டும். கூரைநீர் தூணடியில் விழுகிறதா? வாய்க்கால் அடைபட்டுள்ளதா? கரையான் பாதை உள்ளதா? காரணத்தை நீக்காமல் வீட்டை உயர்த்தினால், அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் அமிழும்.

புல்லும் மேல்மண்ணும் உள்ள இடத்தில் பாதம் வைக்கலாகாது. உறுதியான மண் தெரியும் வரை தோண்டி, திமிசு கொண்டு நன்கு இறுக்கிய பின்னரே கான்கிரீட்டுப் பாதம் அமைக்க வேண்டும். அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து வண்டியில் கொணரும் வீடுகளையும், துளையுள்ள சிமெண்டுக் கற்களை அடுக்கிய தூண்களின் மீதே நிறுத்துகின்றனர். அத்தகைய கற்களை அடுக்குகையில் துளைகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் துளை இருக்குமாறு படுக்க வைத்தால், கல் பாரம் தாங்காமல் நொறுங்கும். கல்லின் தலையில் கெட்டிப் பலகை ஒன்றை வைத்து, உத்திரத்திற்கும் பலகைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் இரு ஆப்புகளை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அடித்து இறுக்க வேண்டும். ஒரே ஆப்பு மட்டும் அடித்தால், உத்திரம் சாய்வான பரப்பில் அமர்ந்து வழுக்கும். தூணின் தலைக்கு மேல், ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்த தகரத் தகடு ஒன்றை வைத்தால் கரையான் மறைவாக ஏறுவது தடைப்படும்.

இங்கே நம் தொழிலோடு இயைந்த ஓர் எச்சரிக்கை. வெட்டி வீழ்த்திய பால்மரம் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதனைத் தூணாகவோ ஆப்பாகவோ பயன்படுத்தாதீர். பால்மரத்தில் மாச்சத்து மிகுதி. மருந்தூட்டிப் பதப்படுத்தாத பால்மரத்தை வண்டும் பூஞ்சணமும் கரையானும் விரைவில் அழித்துவிடும். நமக்குச் சோறிடும் மரமே ஆயினும், நம் வீட்டைச் சுமக்க அது தகுதியுடையதன்று.

8. உயர்த்தும்போது கொள்ள வேண்டிய கவனம்

வீட்டை உயர்த்தும் பணி உயிருக்கு இடர் தரக்கூடியது. பழக்கமுள்ளவர் மேற்பார்வையின்றி இதில் ஒருபோதும் இறங்கலாகாது. வேலை தொடங்குமுன் வீட்டில் உள்ளோர் அனைவரும் வெளியேற வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

ஜாக்கியின் அடியில் அகன்ற கெட்டிப் பலகையும், தலையில் தடித்த பலகையும் வேண்டும். ஒரே இடத்தில் ஒரே முறையில் முழுவதும் உயர்த்தக் கூடாது. ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்படாமல் உயர்த்தி, அடுத்த தூணுக்குச் சென்று, இவ்வாறு சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். பல ஆண்டுகளாக அமிழ்ந்த வீட்டை ஒரே நாளில் நிமிர்த்தினால் இணைப்புகள் பிளக்கும்.

ஜாக்கி தூக்கும் கருவியே அன்றித் தாங்கும் கருவி அன்று. எண்ணெய் கசிந்தால் நொடியில் இறங்கிவிடும். ஆகவே ஜாக்கி உயரும்போதே, அருகில் கெட்டிக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடைவெளி விடாமல் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வீட்டின் அடியில் தலையையோ கையையோ நீட்டலாகாது. பழைய தூண்களுள் ஒன்றை மாற்றி முடித்த பின்னரே மற்றொன்றைத் தொட வேண்டும்.

9. யார் செய்ய வேண்டியது?

செங்கல் சுவரும் கான்கிரீட்டுத் தூணும் உள்ள கட்டடங்களில் நாம் கை வைக்கலாகாது. அவை பொறியாளர் பார்க்க வேண்டியவை. தோட்டக் குடியிருப்பைப் பழுதின்றிப் பேணுதல் முதலாளியின் கடமையாகும். மலேசியாவில் தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது.

ஆயினும் பழுதை முதலில் காண்பவர் வீட்டில் வாழ்பவரே. கதவு உரசுவதை நாள்தோறும் அறிபவர் அவ்வீட்டுப் பெண்மணியே. எனவே கண்டதை எழுத்தில் தருக. வீட்டு எண், தூணின் இடம், விரிசலின் நீளம், அளந்த நாள் ஆகியவற்றைக் குறித்து அலுவலகத்தில் கொடுத்து, ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்க. "வீடு ஆடுகிறது" என்று வாய்மொழியாகக் கூறுவதைக் காட்டிலும், "எட்டாம் தூண் 3.5 சென்டிமீட்டர் அமிழ்ந்துள்ளது" என்று எழுதித் தருவது வலிமையுடையது. தக்க மறுமொழி கிடைக்காவிடில் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் இலாகாவையும் நாடலாம்.

அன்பர்களே, 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகள் இம்மண்ணின் செல்வத்திற்கு வித்திட்டன. அச்செல்வத்தைச் சுமந்த தோள்கள் நம்முடையவை. அத்தோள்கள் இரவில் ஓய்வு கொள்ளும் வீடு உறுதியாக நிற்க வேண்டாமா? வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டு நடுத்தூணைக் குனிந்து பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. நடுத்தூண் மூலைத் தூணைக் காட்டிலும் எத்தனை மடங்கு பாரம் சுமக்கிறது? ஏன்?

2. தூணின் அடியில் அகன்ற பாதம் வைப்பதால் நேரும் நன்மை யாது?

3. மட்டக் குழாயில் காற்றுக் குமிழி இருத்தலாகாது. குமிழி இருப்பதை எவ்வாறு அறியலாம்?

4. 1986ஆம் ஆண்டில் ஓவன் சாலைக் கட்டடம் இடிந்ததற்குக் காரணமான கணக்குப் பிழை எது?

5. பால்மரத்தை ஏன் தாங்குதூணாகப் பயன்படுத்தலாகாது?